ஷவர் லிவர் கெட்டுப்போனால் சுவரை உடைக்க வேண்டுமா?

அசோக் நகரில் ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு, மூன்றாவது மாடி. ஷவர் லிவரின் குரோம் பூச்சு உரிந்து, வட்டத் தட்டைச் சுற்றி உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. லிவரைத் தூக்க இரண்டு கை வேண்டும். என்னைக் கூப்பிடுவதற்கு முன்பே இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். "ரெண்டு பேருமே சுவத்த ஒடைச்சாத்தான் ஆகும்னு சொல்றாங்க தம்பி. இந்த டைல்ஸ் இப்ப எங்க தேடினாலும் கிடைக்காது" என்று அந்த வீட்டு அம்மா கவலைப்பட்டார்.

சுவரில் ஒரு கீறல்கூட விழாமல், மதியச் சாப்பாட்டுக்கு முன் வேலை முடிந்தது. எல்லா வீட்டிலும் இப்படி முடியும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் போய்ப் பார்க்கிற வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு உளியே தேவைப்படுவதில்லை.

லிவரும் தட்டும் மட்டும் வெளியே தெரிய, மீதி சுவருக்குள் புதைந்திருக்கும் இந்த ஷவர் செட்டுக்கு கன்சீல்டு டைவர்ட்டர் என்று பெயர். அது ஒரே பொருள் அல்ல. சுவருக்குள் புதைந்திருப்பது பித்தளை பாடி. சுடுதண்ணீர், பச்சைத்தண்ணீர் குழாய்கள் வந்து சேரும் இடம் அது. வெளியே நம் கண்ணுக்குத் தெரிகிற லிவர், தட்டு, நடுவில் இருக்கும் உருளை மூடி எல்லாம் சேர்ந்தது ட்ரிம். இரண்டுக்கும் நடுவே கார்ட்ரிட்ஜ் இருக்கிறது. அதற்குள் இரண்டு பீங்கான் தகடுகள். ஒன்று அசையாது, இன்னொன்று லிவரோடு நகரும். இரண்டின் துளைகளும் எவ்வளவு நேருக்கு நேர் வருகின்றனவோ, அவ்வளவு தண்ணீர் வரும். லிவர் இறுகுவதும், மூடிய பிறகு ஷவர் சொட்டுவதும் பெரும்பாலும் இந்தக் கார்ட்ரிட்ஜின் கோளாறுதான். பித்தளை பாடி அவ்வளவு சீக்கிரம் கெடாது.

சென்னையில் கார்ட்ரிட்ஜுக்கு முதல் எதிரி தண்ணீரிலுள்ள உப்பு. குடிநீருக்கான இந்தியத் தர அளவு, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. வேறு நீர் ஆதாரம் இல்லாவிட்டால் 600 வரை அனுமதி. நம் ஊரில் எத்தனையோ குளியலறைகள் போர் தண்ணீரையும் டேங்கர் லாரித் தண்ணீரையும் நம்பி இருக்கின்றன. கடினத் தண்ணீர் சூடாகும்போது கால்சியம் பிரிந்து படியும். அதனால் கீசர் பக்கத்துத் துளைதான் சீக்கிரம் அடைக்கும். சுடுதண்ணீர் மட்டும் மெலிந்து வந்தால், கீசரைக் குறை சொல்வதற்கு முன் கார்ட்ரிட்ஜைக் கழற்றிப் பாருங்கள்.

இரண்டாவது எதிரியை நாமே காசு கொடுத்து வாங்கி வருகிறோம். பாத்ரூம் கழுவும் ஆசிட்! டைல்ஸில் ஊற்றுகிற ஆசிட் தட்டில் தெறித்தாலே போதும், குரோம் பூச்சு கறுத்து உரியும். உப்புக்கறை போக வினிகரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் சுற்றி வைத்து, நன்றாகக் கழுவித் துடைத்தால் போதும்.

சரி, ட்ரிம் மட்டும் மாற்றலாம் என்று முடிவு செய்தாயிற்று. இங்கேதான் நிறையப் பேர் பணத்தை இழக்கிறார்கள். கடையில் அழகாக இருக்கிறது என்று ஒரு செட்டை வாங்கி வந்து, அதன்பிறகு என்னைக் கூப்பிடுகிறார்கள். ஒரு கம்பெனி ட்ரிம் இன்னொரு கம்பெனி பாடியில் பொதுவாக உட்காராது. கார்ட்ரிட்ஜின் விட்டம் 35 மி.மீட்டராகவும் இருக்கலாம், 40 மி.மீட்டராகவும் இருக்கலாம். திருகு இடைவெளி, லிவர் பிடிக்கும் முனையின் வடிவம் எல்லாமே கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரே கம்பெனியிலேயே பழைய பாடிக்குப் புது மாடல் சேராமல் போவதும் உண்டு. அதே சமயம், ஒரே பாடியில் பல டிசைன் ட்ரிம்களைப் பொருத்தும்படியும் கம்பெனிகள் செய்கின்றன. வீட்டில் இருப்பது எந்த வகை என்பதைக் கழற்றிப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

அதனால் முதலில் கழற்றுங்கள், பிறகு வாங்குங்கள். பில்டர் கொடுத்த பில்லோ, பாடி வந்த பெட்டியோ இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டால் தட்டை எடுத்துவிட்டு, பாடியில் உள்ள பெயர், எண், திருகுத் துளைகள் எல்லாம் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து அந்தக் கம்பெனியின் சர்வீஸ் பிரிவுக்கு அனுப்புங்கள். பழைய கார்ட்ரிட்ஜையே கையில் எடுத்துக்கொண்டு பாரிமுனை செம்புதாஸ் தெருப் பக்கம் போய், பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குவது இன்னும் நல்லது.

மூன்று விஷயங்களை அளந்துகொள்ளுங்கள். டைல்ஸில் வெட்டியிருக்கும் ஓட்டையின் அளவு முதலாவது. பழைய தட்டு பெரிய வட்டமாக இருந்து, புதியது ஒல்லியான சதுரமாக இருந்தால் ஓட்டை வெளியே தெரியும். அடுத்து ஆழம். பாடி சுவருக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கலாம் என்பதற்குக் குறைந்தபட்ச, அதிகபட்ச அளவு உண்டு. பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டிய வீடுகளில் அந்த அளவு தாண்டிவிடும். அப்போது எக்ஸ்டென்ஷன் எனும் நீட்டிப்புத் துண்டு தேவைப்படும். சில மாடல்களுக்கு அது கிடைக்காது. மூன்றாவது, பாடியிலிருந்து எத்தனை குழாய்கள் வெளியே போகின்றன என்பது. ஷவருக்கும் ஸ்பவுட்டுக்கும் (கீழே வாளிக்குத் தண்ணீர் விழும் குழாய்) மட்டும் வழி உள்ள பாடியில் ஹேண்ட் ஷவருக்கு மூன்றாவது வழியை எந்த ட்ரிம்மாலும் உண்டாக்க முடியாது.

வேலை செய்யும்போது மொட்டை மாடியில் அந்த லைனுக்கான வால்வை மூடுங்கள். கீசர் சுவிட்சை அணைத்து, அதற்குப் போகிற ஆங்கிள் காக் வால்வையும் மூடுங்கள். தரை ஜாலியைத் துணியால் அடைத்துவிடுங்கள். லிவரில் இருக்கும் சின்ன மறைதிருகு அதற்குள் விழுந்தால் அன்றைய நாள் அதோடு சரி. சிவப்பு நீலப் பொத்தானை மெதுவாக நெம்பினால் உள்ளே ஆலன் கீ திருகு இருக்கும். கார்ட்ரிட்ஜை எடுத்த பிறகு, புதியதைப் போடுவதற்கு முன், மேல் வால்வைச் சில நொடிகள் திறந்து பாடியைக் கழுவிவிடுங்கள். மணலும் உப்புத் துகளும் வெளியே வரும். இதைச் செய்யாமல் போட்டால் புது பீங்கான் தகட்டில் முதல் நாளே கீறல் விழலாம். கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் சிலிக்கான் கிரீஸ் மட்டும் தடவுங்கள். வண்டிக்குப் போடும் கிரீஸ் பட்டால் சில வகை ரப்பர் உப்பிவிடும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ட்ரிம் மாற்றினால் தண்ணீர் வேகம் அதிகமாகாது. பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் என்பது கணக்கு. தொட்டிக்கு மூன்று மீட்டர் கீழே இருக்கிற மேல்மாடி வீட்டுக்கு 0.3 பார்தான் கிடைக்கும். அங்கே பெரிய ரெயின் ஷவர் மாட்டினால் ஒழுகுமே தவிர பொழியாது. அதற்கு பிரஷர் பம்ப்தான் வழி.

உடைத்தே தீர வேண்டிய இடங்களும் உண்டு. பாடியின் மரை தேய்ந்திருந்தால், பித்தளை வெளிறி உதிர்ந்தால், ஜிஐ குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) துருப்பிடித்திருந்தால், கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிந்து அது பாடியின் இணைப்பிலிருந்துதான் என்று உறுதியானால், தயங்காமல் உடையுங்கள். அந்த நிலையில் புது ட்ரிம் போடுவது, உள்ளே நடக்கும் கசிவை மூடி மறைக்கிற வேலை. உடைத்த பிறகு வாட்டர் ப்ரூஃபிங் செய்யாமல் டைல்ஸ் ஒட்ட யாரையும் விடாதீர்கள்.

அசோக் நகர் வீட்டில் தட்டைச் சுற்றி சிலிக்கான் பூசும்போது, அடிப்பக்கத்தில் மட்டும் ஓர் அங்குலம் பூசாமல் விட்டேன். "அங்க மட்டும் ஏன் தம்பி விட்டுட்ட?" என்று அம்மா கேட்டார். முழுவதும் அடைத்துவிட்டால் உள்ளே கசிகிற தண்ணீர் சுவருக்குள்ளேயே இறங்கும், கீழ்வீட்டுக்காரர் வந்து சொல்லும்வரை நமக்குத் தெரியாது என்றேன். நாலு மாதம் கழித்து அவரே போன் செய்தார். தட்டுக்குக் கீழே ஒரு கோடு போல ஈரம் இருக்கிறதாம். போய்ப் பார்த்தேன். கார்ட்ரிட்ஜை இறுக்கும் நட் கொஞ்சம் தளர்ந்திருந்தது. இறுக்கி, ஓ-ரிங்கை மாற்றிவிட்டுக் கிளம்ப இருபது நிமிடம் ஆயிற்று. கீழ்வீட்டுக் கூரை காய்ந்தபடியே இருந்தது.