லயத்து வீட்டில் எலக்ட்ரிக் கிட்டார்: எந்த ஸ்பீக்கர், நடுவில் என்ன?

எலக்ட்ரிக் கிட்டாரை வாங்கி வந்த கையோடு, வீட்டில் இருக்கிற சப்வூஃபர் செட்டில் ஒரு சின்ன அடாப்டரைச் செருகி வாசித்துப் பார்ப்பதுதான் வழமை. சத்தம் போர்வைக்குள் இருந்து வருவதுபோல் மந்தமாக வரும். சரி, ஓசையை வேண்டுமென்றே கரகரப்பாக்கும் டிஸ்டோர்ஷன் பெடல் இல்லாததுதான் குறை என்று அதையும் வாங்கி நடுவில் போடுகிறார்கள். இப்போது மந்தம் போய், காதைக் கிழிக்கும் இரைச்சல் வருகிறது. பெட்டி போதாது என்று முடிவுகட்டி, இன்னும் பெரிய பெட்டி தேடி கண்டிக்கோ கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவுக்கோ பஸ் ஏறுகிறார்கள். பெரும்பாலும் கிட்டாரும் பழுதில்லை, பெட்டியும் பழுதில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய ஒன்று இல்லை. அதற்குக் காசு ஒதுக்காமல் எவ்வளவு விலையுள்ள பெட்டி வாங்கினாலும் இதே கதைதான்.

மந்தமும் இரைச்சலும் எங்கிருந்து வருகின்றன

கிட்டாரின் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பி. அதிலிருந்து வரும் மின்சாரம் மிகச் சிறியது. அதை வாங்கிக்கொள்ளும் கருவியின் உள்ளீட்டுத் தடை ஏறக்குறைய 10 லட்சம் ஓம், அதாவது ஒரு மெகா ஓம் இருக்க வேண்டும். போன், டிவி, கணினி ஆகியவற்றுக்காகச் செய்த ஸ்பீக்கர் பெட்டியின் ஏயூஎக்ஸ் துளையில் இருப்பது பெரும்பாலும் 10 முதல் 20 ஆயிரம் ஓம் மட்டுமே. அவ்வளவு குறைந்த தடையோடு சேரும்போது பிக்கப்பின் மேல்ஸ்தாயி ஒலிகள் அமுங்கிவிடுகின்றன. மந்தத்துக்கு அதுதான் காரணம். ட்ரெபிள் குமிழை முழுக்கத் திருப்பினாலும் அமுங்கிப் போனது திரும்பாது, இரைச்சல்தான் கூடும்.

இரைச்சலுக்குக் காரணம் வேறு. கிட்டாருக்கென்றே செய்த அம்ப்பில் (ஓசையைப் பெருக்கும் கருவியில்) இருக்கும் 10 அல்லது 12 அங்குல ஸ்பீக்கர், சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகத் தணிந்துவிடும். டிஸ்டோர்ஷனில் பிறக்கும் கூர்மையான ஓசைகளை அந்த ஸ்பீக்கரே வடிகட்டுகிறது. நாம் பாட்டுக் கேட்கும் பெட்டியில் மேலோசைக்கென்று ட்வீட்டர் என்ற சிறிய ஸ்பீக்கர் இருக்கிறது. அது 20,000 ஹெர்ட்ஸ் வரை எதையும் விடாமல் ஒலிக்கும். பெடலில் இருந்து நேராக அதில் போட்டால், வடிகட்டாத அத்தனையும் காதுக்கு வரும்.

ஆகவே நடுவில் வைக்கும் கருவி இரண்டு வேலை செய்ய வேண்டும்: கிட்டாருக்கு ஏற்ற உள்ளீட்டுத் தடை தருவது ஒன்று, கிட்டார் அம்ப்பின் ஸ்பீக்கர் பெட்டியைப் போலி செய்து மேலோசையை வடிகட்டுவது இன்னொன்று. இந்த இரண்டாவதைக் கடையில் கெப் சிமியுலேஷன் என்பார்கள்.

இதற்கு இரண்டு வழி. வீட்டில் கணினி இல்லையென்றால் ஸூம் ஜி1 ஃபோர் போன்ற சிறிய மல்டி எஃபெக்ட் பெடல் ஒன்று போதும். அம்ப், கெப், டிலே எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும், ஹெட்போனிலும் கேட்கலாம். கணினி இருந்தால் பெரிங்கர் யூஎம்2 அல்லது ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ போன்ற ஓடியோ இன்டர்ஃபேஸ், அதாவது கிட்டாரின் ஓசையைக் கணினிக்குள் கொண்டுபோகும் சிறு கருவி. கிட்டாரை அதன் இன்ஸ்ட்ருமென்ட் துளையில்தான் செருக வேண்டும். ஸ்கார்லெட்டில் அதற்கென்று உள்ள இன்ஸ்ட் பொத்தானை அழுத்த மறந்தால் பழைய மந்தம் அப்படியே வரும். அம்ப் மென்பொருளுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. நியூரல் அம்ப் மொடலர் இலவசம். மென்பொருளில் பஃபர் (ஒலியை ஒரு தடவைக்கு எடுக்கும் துண்டின் அளவு) 128 சாம்பிள், 48 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்தால் ஒரு பக்கத் தாமதம் 3 மில்லிசெக்கனுக்கும் குறைவு. கணினி பழசாகி ஒலி வெட்டி வெட்டி வந்தால் 256 ஆக்குங்கள். வாசிக்கும்போது ஆகப் பலமாக அடித்த அடியிலும் சிவப்பு விளக்கு எரியாதபடி இன்டர்ஃபேஸின் கெயின் குமிழை இறக்கி வையுங்கள். எந்தப் பெட்டியாலும் அங்கே உடைந்த ஒலியைத் திருத்த முடியாது.

கையில் இருக்கும் காசில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாகப் பெட்டிக்கும் மீதியை இந்த நடுக்கருவிக்கும் கேபிளுக்கும் ஒதுக்குவதே எங்கள் ஆலோசனை. கேபிளுக்கு என்று தனியாக எழுதக் காரணம் உண்டு: மெல்லிய வார்ப்பு பிளக் உள்ள கேபிளை விட, திருகிக் கழற்றி மீண்டும் சோல்டர் பண்ணக்கூடிய உலோக பிளக் உள்ளதே பல வருடம் உழைக்கும். வீட்டுக்கு மூன்று மீட்டர் போதும்.

பெட்டி

பவர்ட் ஸ்பீக்கர் என்றால் உள்ளேயே அம்ப் உள்ள பெட்டி. மலிவு விலையில் ஜோடியாக விற்பவற்றில் பெரும்பாலும் ஒரு பெட்டியில்தான் அம்ப் இருக்கும்; மற்றது வயரால் அதோடு இணையும் வெறும் பெட்டி. அந்த வயரின் சிவப்பு, கறுப்பு முனைகள் மாறிப்போனால் ஒரு கூம்பு முன்னே போகும்போது மற்றது பின்னே போகும். கீழ்ஓசை கரைந்துவிடும். புதுப் பெட்டியில் பேஸே இல்லை என்று திருப்பிக் கொடுக்குமுன் இதைப் பார்க்கவும்.

கிட்டாரின் தடித்த ஈ கம்பி திறந்த நிலையில் 82 ஹெர்ட்ஸ். ஆகவே 40 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் சப்வூஃபருக்காகக் காசு செலவழிக்கத் தேவையே இல்லை. 3.5 அங்குலக் கூம்புள்ள பிரிசோனஸ் எரிஸ் 3.5, மெக்கி சிஆர்3 போன்றவை 80 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் என்று குறிக்கப்பட்டவை. கிட்டாரின் எல்லைக்குச் சரியாக வந்து நிற்கின்றன. 4 அங்குல எடிஃபயர் எம்ஆர்4 60 ஹெர்ட்ஸ் வரை என்று குறிக்கப்பட்டது. தடித்த கம்பியை டீ-க்கு இறக்கி வாசிப்பவர்களுக்கும், கூடவே பாட்டை ஓடவிட்டு வாசிப்பவர்களுக்கும் இது பொருத்தம். மலிவுக்கும் தரத்துக்கும் நடுவில் எங்கள் தெரிவு இந்த 4 அங்குல அளவுதான். யமஹா எச்எஸ்5 நல்ல பெட்டி. ஆனால் அது தனித்தனியாக விற்கப்படுகிறது, ஜோடிக்கு இரண்டு வாங்க வேண்டும். சிறிய காம்பராவுக்கு அது அவசியமில்லை.

வாட்ஸ் விஷயத்தில் ஏமாறாதீர்கள். பெட்டி மேல் 3,000 வாட்ஸ் பிஎம்பிஓ என்று ஒட்டியிருந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. தொடர்ச்சியாகத் தரக்கூடிய ஆற்றலைச் சொல்லும், ஆர்எம்எஸ் என்று போட்ட எண்ணைப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் பின்பக்கத் தகட்டில் எத்தனை வாட்ஸ் மின்சாரம் இழுக்கிறது என்று பாருங்கள். 30 வாட்ஸ் இழுக்கும் பெட்டி தொடர்ச்சியாக அதைவிடக் கூடுதலாக ஒலியைத் தர முடியாது. வாட்ஸ் இரண்டு மடங்கானால் சத்தம் கூடுவது 3 டெசிபெல் மட்டும், காதுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுக்கு ஒரு பக்கம் 20 வாட்ஸ் தாராளம்.

புளூடூத் பெட்டி இதற்கு ஆகாது. கம்பியைத் தட்டியதற்கும் ஓசை வருவதற்கும் நடுவில் சாதாரண புளூடூத்தில் 100 மில்லிசெக்கனுக்கு மேல் தாமதம் இருக்கும். தாளம் பிடிக்க முடியாது. பழகுகிற பிள்ளைக்குக் கை பிசகுகிறது என்று தோன்றிவிடும். புளூடூத் வசதியுள்ள பெட்டியை வாங்குவதில் தவறில்லை, கிட்டாரை மட்டும் வயரில் போடுங்கள்.

இன்னொரு பொறி, பலரைச் சுற்றவைப்பது. மல்டி எஃபெக்ட் பெடலின் ஹெட்போன் துளை ஸ்டீரியோ. பிளக்கில் இரண்டு கறுப்பு வளையம் இருக்கும். ஸ்டூடியோ பெட்டியின் பின்னால் உள்ள பெரிய துளை பலன்ஸ்ட் மோனோ. இரண்டுக்கும் ஒரே உருவம் என்பதால் இரண்டு வளையமுள்ள கேபிளால் நேராக இணைத்துவிடுகிறார்கள். பலன்ஸ்ட் துளை, வந்த இரண்டு ஓசைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் எடுக்கும். இடதும் வலதும் ஒன்றாக இருக்கும்போது வித்தியாசம் பூச்சியம்! ஓசை காணாமற்போகும், அல்லது ரிவேர்ப் என்ற எதிரொலி மட்டும் தூரத்தில் கேட்கும். பெடல் பழுதில்லை. ஒரு முனை ஸ்டீரியோவாகவும் மறுமுனை இரண்டு மோனோ பிளக்காகவும் பிரியும் ஒய் கேபிள் வாங்கி, ஒன்றை இடது பெட்டிக்கும் மற்றதை வலது பெட்டிக்கும் கொடுங்கள்.

கோயில் திருவிழாவுக்கும் சேர்ச் பாடகர் குழுவுக்கும் வாடகைக்கு வருகிற 12, 15 அங்குல பிளாஸ்டிக் பெட்டிகள் மேடைக்கு உரியவை. மெல்ல வாசிக்கும்போது அவற்றின் ‘ஸ்ஸ்’ என்ற பின்னோசைதான் முன்னுக்கு நிற்கும். வீட்டுக்கு வேண்டாம்.

எங்கே வைப்பது

லயத்தில் ஒரு சுவர் இரண்டு குடும்பத்துக்குச் சொந்தம். கீழ்ஓசை காற்றில் போவதைவிட மரத்திலும் சுவரிலும் தொற்றிக்கொண்டு போகும். பொதுச் சுவரில் முட்டிக்கொண்டிருக்கும் அலுமாரி மேல் பெட்டியை வைத்தால், அடுத்த காம்பராவில் கட்டிலில் படுத்திருப்பவருக்கு உங்கள் தடித்த கம்பி மட்டும் தும்மு தும்மென்று கேட்கும். விடிய மலைக்குப் போகிறவரின் தூக்கம் அது. இஸ்தோப்புப் பக்கச் சுவரோடு ஒரு மேசை போட்டு, பெட்டிக்குக் கீழே பழைய ரப்பர் செருப்பை வெட்டி நான்கு மூலையிலும் வையுங்கள். பெட்டியின் பின்னால் காற்றுத் துளை இருந்தால் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும், மூலையில் திணிக்கக் கூடாது. தகரக் கூரையில் ஏதாவது ஓர் ஆணி தளர்ந்திருந்தால் குறிப்பிட்ட ஒரு சுரத்துக்கு மட்டும் கிறுகிறுக்கும். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதென்று பயப்பட முன் கூரையைப் பாருங்கள். இரவில் ஹெட்போன்தான்.

எர்த் இல்லாமல் வாசிக்காதீர்கள்

இந்தப் பகுதியை மட்டுமாவது முழுதாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். கிட்டாரின் கம்பிகள் எல்லாம் உள்ளே ஒரு வயரால் ஜாக்கின் எர்த் பக்கத்தோடு சேர்ந்திருக்கின்றன. அது கேபிளின் வெளிப்பின்னல் வழியாகப் பெட்டியின் உலோகச் சட்டத்தைத் தொடுகிறது. பெட்டிக்குள் ஏதாவது உடைந்து 230 வோல்ட் அந்தச் சட்டத்தில் ஏறினால், எர்த் இருக்கும்போது ட்ரிப் சுவிட்ச் விழும் அல்லது ஃபியூஸ் போகும். எர்த் இல்லையென்றால் அந்த 230 வோல்ட் உங்கள் இரண்டு கைவிரல்களிலும் வந்து நிற்கும். மழைக்காலத்தில் ஈரம் கசியும் சிமெந்துத் தரையில் வெறுங்காலோடு நிற்கிற வீடுகள் நம்முடையவை.

மூன்று பின் உள்ள பெட்டியின் எர்த் பின்னை ஒடிப்பது, உருண்டைப் பின் துளையில் குச்சி விட்டுச் செருகுவது, இரைச்சல் போகட்டும் என்று எர்த் வயரைக் கழற்றுவது: மூன்றும் உயிராபத்து. உண்மையில் எர்த் சரியாக இருந்தால் இரைச்சல் குறையும். கம்பியைத் தொடும்போது இரைச்சல் தணிவது இயல்பு. தொட்டதும் கூடினாலோ, விரலில் சுரீரென்று நமநமத்தாலோ உடனே பிளக்கைக் கழற்றிவிட்டு, வயரிங் தெரிந்தவரை அழைத்து எர்த் சோதிக்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுத்த காம்பராக்களில் எர்த் வயரே வந்திருக்காது. ட்ரிப் சுவிட்சில் டெஸ்ட் என்றிருக்கும் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழவில்லை என்றால் அது பாதுகாப்பே இல்லை.

மின்னழுத்தம் மாலையில் இறங்கும் தோட்டங்களில், பின்னால் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்ட பெட்டியைத் தேடுங்கள். அதன் உள்ளே ஸ்விட்ச் மோட் சப்ளை இருப்பதால் குறைந்த அழுத்தத்திலும் இயங்கும். ஜப்பானில் இருந்து பழசாக வரும் பெட்டிகளில் 100 வோல்ட் என்று மட்டும் இருந்தால், ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் இல்லாமல் செருகியதும் புகைந்துவிடும்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி கூட ஆரம்பிக்கும்போதே எல்லாவற்றையும் சுவரிலிருந்து கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் நிறுத்துவது போதாது. கணினிக்குப் போகும் யூஎஸ்பி வயரையும் உருவிவிடுங்கள்.

மூடுபனியும் பழைய பெட்டியும்

நுவரெலியா, தலவாக்கலை, பொகவந்தலாவப் பக்கத்து ஈரத்தில் குமிழ்கள்தான் முதலில் கெடும், திருப்பும்போது கரகரக்கும். கொன்டாக்ட் கிளீனர் ஒரு துளி விட்டு இருபது முறை முன்னும் பின்னும் திருப்பினால் பெரும்பாலும் சரியாகும். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் விட்டால் தூசி ஒட்டிக்கொண்டு நிரந்தரமாகக் கெடும். மூடி வைப்பதற்குப் பருத்தித் துணிதான் வேண்டும். பொலித்தீன் ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும்.

பழைய பெட்டி வாங்கும்போது கூம்பின் விளிம்பு வளையத்தை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். ரப்பர் என்றால் நல்லது. ஸ்பொன்ஜ் விளிம்பு என்றால், ஈரத்தில் வருடக்கணக்கில் இருந்தது தொட்டதும் பொடிப்பொடியாக உதிரும். பிறகு கூம்பை நான்கு விரலால் சமமாக உள்ளே தள்ளுங்கள். உரசும் சத்தம் கேட்டால் சுருள் கோணிவிட்டது. எதையும் இணைக்காமல் ஓசையை முழுக்கக் கூட்டுங்கள். மெல்லிய ‘ஸ்ஸ்’ பரவாயில்லை, அடித்தொண்டை ‘ம்ம்ம்’ பலமாக வந்தால் உள்ளே மின்தேக்கிகள் காய்ந்திருக்கின்றன. போனில் இலவசமாகக் கிடைக்கும் டோன் ஜெனரேட்டர் ஆப்பை வைத்து 80 ஹெர்ட்ஸில் இருந்து 300 வரை மெதுவாக ஏற்றுங்கள், எந்த இடத்தில் படபடக்கிறது என்று தெரிந்துவிடும். சூடேறிய பின்பே தலைகாட்டும் பழுதுகளும் உண்டு. ஆகவே அரை மணி நேரமாவது ஓடவிட்டுக் கேளுங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் வேறு பெட்டி பாருங்கள்.