நகர இராஜதந்திரம்: ராஜாவும் இல்லை, நகரமும் இல்லை

கிளிநொச்சியில் நடந்த ஒரு செயலமர்வுக்குப் போயிருந்தேன். மேடையில் கட்டிய பதாகையில் "சமாதானத்தைக் கட்டியெழுப்புவதில் நகர இராஜதந்திரத்தின் வகிபாகம்" என்று பெரிய எழுத்தில் இருந்தது. முன்வரிசையில் இருந்த பிரதேச சபை உறுப்பினர் ஒருவர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்: "இது தூதரகக்காரற்ர அலுவல் எல்லோ? எங்களை ஏன் கூப்பிட்டவை?" நியாயமான கேள்விதான். வவுனியாவில் கிடைத்த ஒரு துண்டுப்பிரசுரத்திலும் மன்னாரில் கைக்கு வந்த ஓர் அறிக்கையிலும் இதே தொடர் இருந்தது. இனிப் பொறுக்க முடியாது.

மூலம் 'சிட்டி டிப்ளோமசி'. டிப்ளோமசிக்கு அடி கிரேக்கத்தின் 'டிப்ளோமா'. இரண்டாக மடித்த ஏடு என்று பொருள். மடித்துக் கொடுத்த ஆவணத்தோடு போனவனின் வேலை, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து டிப்ளோமசி ஆயிற்று. இவ்வளவுதான் வேர்க்கதை. 2008 ஜூனில் நெதர்லாந்தின் டென் ஹாக் (தி ஹேக்) நகரில் உள்ளூராட்சி மன்றங்களின் உலக மாநாடு ஒன்று கூடியபோது இந்தத் தொடருக்கு ஒரு வரையறை கொடுத்தார்கள். சண்டை வராமல் தடுப்பது, வந்ததைத் தீர்ப்பது, ஓய்ந்தபின் ஊரைத் திரும்ப நிமிர்த்துவது, பிரிந்து கிடக்கும் சமூகங்களை ஒட்டவைப்பது ஆகியவற்றில் உள்ளூராட்சி மன்றங்கள் கையாளும் வழி என்பது அதன் சாரம்.

நடந்ததைப் பார்த்தால் பொருள் இன்னும் தெளிவாகும். 1940 இல் குண்டு விழுந்து எரிந்த இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரத்துப் பெண்கள், ஒரு மேசை விரிப்பில் தங்கள் பெயர்களை நூலால் தைத்து ஸ்டாலின்கிராட்டுக்கு அனுப்பினார்கள். 1944 இல், போர் முடியுமுன்னரே, இரண்டு நகரங்களும் உறவு பூண்டன. 1950 இல் ஜெர்மனியின் லுட்விக்ஸ்பர்க்கும் பிரான்சின் மொன்பெலியாரும் கைகோத்தன. 1982 இல் ஹிரோசிமாவின் மேயர் தொடக்கிய மேயர்களின் கூட்டமைப்பு இன்றும் அணு ஆயுதத்துக்கு எதிராகப் பேசிக்கொண்டிருக்கிறது. இவற்றில் எங்கே ராஜா, எங்கே தந்திரம்?

'இராஜதந்திரம்' என்று எழுதுகிறவர்கள் சொல்லும் நியாயம் எனக்குத் தெரியும். தந்திரம் என்றால் நெறி, நூல். திருமந்திரமே ஒன்பது தந்திரமாக வகுக்கப்பட்டதல்லவா என்பார்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பதாகையைப் படிக்கிறவர் திருமூலரை நினைக்கப் போவதில்லை. வன்னியில் 'அவன் தந்திரக்காரன்' என்றால் கொடுக்கல் வாங்கலில் கவனம் என்று அர்த்தம். தந்திரம் என்றதும் சின்னப்பிள்ளைக்கும் நரிதான் ஞாபகம் வரும். முப்பது ஆண்டு போரில் பேச்சுவார்த்தை மேசைகளையும் உடைந்த உடன்படிக்கைகளையும் கண்ட சனத்திடம் போய், சமாதானத்துக்கு உங்கள் சபையும் தந்திரம் செய்யலாம் என்றால் யார் நம்புவார்கள்? சிங்களத்தில் 'ராஜ்ய தாந்த்ரிக' என்று இருக்கிறது. மொழிபெயர்ப்பு மேசையில் இரண்டும் அருகருகே இருப்பது வசதிதான். அந்த வசதி அரசாங்கத்தின் வெளிநாட்டு அலுவலுக்கு மட்டும் போதும். அரசு செய்யாததை, சில வேளை அரசு வேண்டாம் என்பதை, ஊர் செய்வதற்குத்தானே இந்தப் புதிய தொடரே பிறந்தது. அதன் தலையில் மறுபடி ராஜாவை ஏற்றி வைப்பது என்ன நியாயம்?

'நகர' என்ற பாதியும் இங்கே பொருந்தவில்லை. கிளிநொச்சி மாவட்டத்தில் கரைச்சி, பச்சிலைப்பள்ளி, பூநகரி. முல்லைத்தீவில் கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, துணுக்காய், மாந்தை கிழக்கு. எல்லாமே பிரதேச சபைகள். நகரசபை ஒன்றுகூட இல்லை. பெயரிலாவது நகரி வைத்திருப்பது பூநகரி மட்டும்! வவுனியா மாநகர சபையானதே அண்மையில்தான். 'நகர' என்று எழுதினால் வன்னியின் பெரும்பகுதி கணக்கில் வராது. ஆங்கிலத்தில் 'சிட்டி' என்று வைத்தவர்களே உள்ளூராட்சி மன்றங்கள் அனைத்தையும் மனத்தில் கொண்டுதான் வைத்தார்கள். மொழிபெயர்த்தவர் வரையறையை வாசிக்கவில்லை, தலைப்பை மட்டும் வாசித்திருக்கிறார்.

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் இதற்கு 'நகரத் தூதாண்மை' என்று ஒரு சொல் கட்டியிருக்கிறார்கள். பாதி பிடிக்கிறது. தூது நல்ல சொல். குறளில் அதற்கென்றே 69 ஆம் அதிகாரம் இருக்கிறது. தூது போகிறவனுக்கு வேண்டியவை அன்பு, அறிவு, ஆராய்ந்த சொல்வன்மை என்கிறார் வள்ளுவர். தந்திரம் அந்தப் பட்டியலில் இல்லை. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் போன ஔவையார், பீலி சூட்டி நெய் பூசிக் கிடந்த அவன் படைக்கலங்களைப் 'புகழ்ந்து', எங்களுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று சொன்ன புறநானூற்றுப் பாட்டை விடவா நல்ல உதாரணம் வேண்டும்? தூதும் வடசொல் உறவுள்ளதுதானே என்று யாராவது கிளம்பினால் கிளம்பட்டும். எனக்குத் தூய்மை முக்கியமில்லை, விளங்க வேண்டும்.

எனக்கு இடிப்பது அந்த 'ஆண்மை'. வேளாண்மை, மேலாண்மை என்று வழக்கில் இருப்பவை இருக்கட்டும். புதிதாக எந்தச் சொல் வேண்டுமென்றாலும் ஆண்மை, இயல், ஆக்கம் என்று ஒரு வாலை ஒட்டிவிட்டால் கலைச்சொல் ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய குறை, தூது வெளியூருக்குப் போவது. உள்ளூராட்சி மன்றம் செய்கிற சமாதான வேலையில் பெரும்பங்கு உள்ளூருக்குள்ளேயே இருக்கிறது. சந்தைக் கடைத்தொகுதியில் யாருக்குக் கடை, தெருவிளக்கு முதலில் எந்த வட்டாரத்துக்கு, மயானப் பாதைக்கு யார் கிறவல் போடுவது என்பதெல்லாம் அற்ப விடயமாகத் தெரியும். ஆனால் 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் கிராமத்துக்கு வீதி கடைசியாகத்தான் வரும் என்றால், 1990 இல் வெளியேற்றப்பட்டுத் திரும்பி வந்த முஸ்லிம்களுக்குச் சந்தையில் இடமில்லை என்றால், கட்டாக்காலி மாடு ஒன்று வயலில் இறங்கிய சண்டை இரண்டு ஊர்ச் சண்டையாக மாறினால், அங்கே தூது போக ஒருவருமில்லை. தவிசாளர் கூப்பிட்டு இருத்திப் பேச வேண்டும். 2023 மார்ச்சில் கலைந்த சபைகளுக்கு 2025 மே 6 வரை தேர்தலே வைக்காமல் விட்டார்களே, அந்தக் காலத்தில் அப்படிக் கூப்பிடத் தெரிவான தவிசாளரும் இல்லை.

இந்த உள்வேலைக்குச் சொல் ஏற்கெனவே சனத்தின் வாயில் இருக்கிறது: இணக்கம். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த மத்தியஸ்த சபையை இன்றும் பலர் 'இணக்க சபை' என்றுதான் சொல்கிறார்கள். 'நல்லிணக்கம்' ஆணைக்குழுப் பெயர்ப்பலகைகளில் அடிபட்டுக் களைத்துவிட்டது; 'நல்'லை எடுத்துவிட்டால் மிச்சம் திடமாகத்தான் இருக்கிறது.

ஆகவே ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்ற பிடிவாதத்தை விடலாம் என்பது என் கட்சி. ஆங்கிலம் ஒரே தொடரில் இரண்டு வேலையைக் கட்டியது அதன் பாடு. வெளியூரோடு உறவு பூண்பதற்கு 'ஊர்த்தூது', உள்ளே பிணக்குத் தீர்ப்பதற்கு 'ஊரிணக்கம்'. இரண்டையும் சேர்த்துச் சொல்லவேண்டிய இடத்தில் 'உள்ளூராட்சியின் சமாதானப் பணி' என்று நேராக எழுதினால் யாரும் கோபிக்கமாட்டார்கள். ஊர் என்றால் சிறுமை என்று நினைக்க வேண்டாம், இலண்டனும் ஓர் ஊர்தான்.

இதே கையோடு, இப்படி உறவு பூண்ட ஊர்களை 'இரட்டை நகரம்' என்று எழுதும் பிழையையும் நிறுத்தலாம். ஹைதராபாத்தும் செகந்திராபாத்தும் போல ஒட்டிக் கிடப்பவைதான் இரட்டை நகரங்கள். கடல் தாண்டி ஒப்பந்தம் போட்ட கொவென்ட்ரியும் ஸ்டாலின்கிராட்டும் எப்படி இரட்டையாகும்? 'உறவூர்' என்று சொல்லிப் பாருங்கள், விளக்கம் கேட்கமாட்டார்கள்.

அப்புறம் அந்த 'வகிபாகம்'. பங்கு என்ற சொல்லுக்கு என்ன குறை வந்தது என்று பதாகை அடித்தவர்தான் சொல்ல வேண்டும்.