யாரும் பார்க்காத டிவி

ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு "இன்னும் பேச்சே வரலைங்க" என்று வரும் பெற்றோரிடம், வீட்டில் டிவி எவ்வளவு நேரம் ஓடும் என்று கேட்பேன். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் எங்களைப் போன்றவர்கள் முதல் நாளே கேட்கும் கேள்விதான் இது. பெரும்பாலும் வரும் பதில், "பாப்பா டிவியே பாக்காதுங்க மேடம். நாங்கதான் போட்டு வெச்சிருப்போம்." காலையில் போட்டது ராத்திரி வரை ஓடும், ஆனால் உட்கார்ந்து பார்ப்பவர் யாருமில்லை. அந்த டிவியைப் பற்றித்தான் எழுதுகிறேன். குழந்தை பார்க்காவிட்டாலும் அது குழந்தையிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்கிறது.

சேலத்தில் பல குடும்பங்களுக்கு வீடுதான் தொழில் செய்யும் இடமும். அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி பக்கம் போனால் வீட்டோடு சேர்ந்தே தறி இருக்கும். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பக்கம் வெள்ளிக் கொலுசு வேலை. தறிக்கு நூலைத் தாராகச் சுற்றுவதும் கொலுசுக் கண்ணி கோப்பதும் நாள் முழுக்க ஒரே மாதிரியான வேலை. கைக்கும் கண்ணுக்கும் ஓய்வில்லாத அந்த வேலையில் காதுக்காவது ஏதாவது துணை வேண்டும் என்று டிவியைப் போடுகிறார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தறிச் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டும் என்று டிவி சத்தத்தைக் கூட்டுகிறார்கள். அந்த இரண்டுக்கும் மேல் அம்மா பேச வேண்டும் என்றால் கத்தத்தான் வேண்டும். நாள் முழுக்க யாரால் கத்த முடியும்? அதனால் பேச்சு குறைந்துபோகிறது. மிச்சமிருப்பது "வா", "உக்காரு", "அதத் தொடாத" மட்டும். இதற்கெல்லாம் குழந்தை பதில் சொல்லவே தேவையில்லை.

பேச்சு வருவது பதில் சொல்லிச் சொல்லித்தான். நான்கு மாதக் குழந்தை "ங்கா" என்கிறது. அம்மா "என்னடா தங்கம், பசிக்குதா?" என்று கேட்டுவிட்டு அதன் முகத்தைப் பார்க்கிறாள். அது மறுபடி ஏதோ சத்தம் எழுப்புகிறது. இப்படி மாறி மாறிப் பேசும்போதுதான், நாம் வாய் திறந்தால் எதிரே ஒருவர் கவனிக்கிறார் என்று குழந்தைக்குப் புரிகிறது. டிவி குழந்தையின் பதிலுக்காக நிற்காது.

அமெரிக்காவில் சியாட்டில் நகரில் பாட்ரிசியா குல் என்ற ஆய்வாளர் 2003-இல் வெளியிட்ட ஆய்வை நான் பெற்றோருக்கு அடிக்கடி சொல்வதுண்டு. ஒன்பது மாதக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்குச் சீன மொழி பேசுபவர் நேரில் உட்கார்ந்து படித்தும் விளையாடியும் காட்டினார். இன்னொரு பகுதியினருக்கு அதே பேச்சை டிவியில் காட்டினார்கள். நேரில் கேட்ட குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. டிவியில் பார்த்த குழந்தைகள் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. 2009-இல் டிமிட்ரி கிறிஸ்டாகிஸ் என்ற குழந்தை மருத்துவரின் குழு வேறொன்றைச் செய்தது. இரண்டு மாதம் முதல் நான்கு வயது வரையான குழந்தைகளின் உடையில் சிறிய ஒலிப்பதிவுக் கருவியை வைத்து, வீட்டில் என்னென்ன காதில் விழுகிறது என்று பார்த்தார்கள். டிவி சத்தம் கேட்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும், பெரியவர்களிடமிருந்து குழந்தை கேட்கும் சொற்கள் சுமார் 770 குறைந்தன. குழந்தை எழுப்பும் ஒலிகளும் குறைந்தன.

"நாங்களும் டிவி பாத்துத்தான் வளந்தோம்" என்று தாத்தாக்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் 1975-இல் சென்னை தூர்தர்ஷன் தொடங்கியபோது ஒரு நாளில் சில மணி நேரம்தான் ஒளிபரப்பு. நிகழ்ச்சி முடிந்தால் டிவி தானாக ஓய்ந்துவிடும், வீட்டுப் பேச்சு தொடரும். 1993-க்குப் பிறகு தனியார் சேனல்கள் வந்தன. 2006 முதல் அரசு இலவசமாகவே வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. இன்று நாம் நிறுத்தினால்தான் உண்டு.

சில குழந்தைகள் விளம்பரப் பாட்டை அப்படியே பாடும். நிறங்களின் பெயரை ஆங்கிலத்தில் கடகடவென்று ஒப்பிக்கும். ஆனால் தாகம் எடுத்தால் "தண்ணி" என்று கேட்கத் தெரியாது, அம்மா கையைப் பிடித்துப் பானை வரை இழுத்துப் போகும். பெற்றோர் பாட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, பேச்சு தானாக வந்துவிடும் என்று காத்திருக்கிறார்கள். தயவுசெய்து காத்திருக்க வேண்டாம்.

இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரை: இரண்டு வயது வரை திரையே வேண்டாம், தூரத்து உறவினரோடு எப்போதாவது வீடியோ காலில் பேசுவது தவிர. இரண்டிலிருந்து ஐந்து வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். இது செல்போனுக்கும் சேர்த்துத்தான். ஒரே அறை இருக்கும் வீட்டில் இதைக் கடைப்பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அங்கே குழந்தைக்கென்று தனி நேரம் கிடையாது. சீரியல் முடிந்து, அப்பா வந்து செய்தி பார்த்து முடிக்கும்போதுதான் குழந்தையும் தூங்கும்.

அதனால் டிவியைத் தூக்கிப் போடுங்கள் என்று நான் சொல்வதில்லை. ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, பிடித்த சீரியலை அவர் பார்க்கட்டும். அது முடிந்ததும் அணைத்துவிடுங்கள், அடுத்ததை ஓட விடாதீர்கள். சாப்பாடு ஊட்டும்போது கட்டாயம் அணைத்திருக்க வேண்டும். டிவி முன்னால் ஊட்டினால் நாலு வாய் கூடவே போகும்தான். ஆனால் பசியும் வயிறு நிறைவதும் குழந்தைக்கே தெரியாமல் போகிறது, உங்களோடு பேசக் கிடைத்த அரை மணி நேரமும் போகிறது. தறி நிற்கும் நேரத்தில், கரண்ட் போன நேரத்தில் பேசுங்கள். "இது செவப்பு நூலு, இது பச்ச. உனக்கு எது வேணும்?" என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பொறுமைதான் பலருக்கும் கஷ்டமாக இருக்கிறது. குழந்தை வாய் திறப்பதற்குள் நாமே பதிலையும் சொல்லிவிடுகிறோம். ஏற்காட்டில் காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் பெற்றோர் இருவரும் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். அங்கே இதை ஆயாவிடம்தான் சொல்லி வைக்க வேண்டும்.

அப்புறம், எல்லாப் பழியையும் டிவி மேல் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடவும் கூடாது. பேச்சு தாமதமாவதற்குக் காது கேளாமை, ஆட்டிசம், வளர்ச்சித் தாமதம் என்று வேறு காரணங்களும் உண்டு. டிவியை அணைத்ததால் இவை சரியாகாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தை, ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்லும் பேசாத குழந்தை, இரண்டு வயதில் "அம்மா தா" போல இரண்டு சொல் சேர்க்காத குழந்தை, பேசிக்கொண்டிருந்து திடீரென நிறுத்திய குழந்தை, இவர்களை உடனே காட்டுங்கள். தறி வீடுகளில் "சத்தத்துல பொறந்த புள்ள, அதான் கூப்பிட்டா கண்டுக்கறதில்ல" என்று சொல்லி மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். முதலில் செய்ய வேண்டியது காது பரிசோதனை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். கைக்குழந்தையையும் தூங்க வைத்து 'பெரா' என்ற பரிசோதனை செய்ய முடியும், வலிக்காது. கேட்கும் திறன் மிகவும் குறைவாக இருந்தால் ஒலியைக் கேட்க உதவும் காக்ளியர் கருவியைக் காதுக்குள் பொருத்தும் அறுவை சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வழி இருக்கிறது. அது ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும்தான். அதிலும் எவ்வளவு சீக்கிரம் பொருத்துகிறோமோ, பேச்சு வருவது அவ்வளவு எளிது.