மூன்று பக்கங்கள், நாற்பது பேர்

கரூரில் படுக்கை விரிப்பு, திரைச்சீலை மொத்த வியாபாரம் செய்யும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "22 வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன் சார். பஸ் ஸ்டாண்டுல இறங்கி யாரைக் கேட்டாலும் கடைக்கு வழி சொல்லுவாங்க. ஆனா கூகுள்ல தேடினா நாலாவது பக்கத்துல கிடக்கிறேன். பின்தெருவுல போன வருஷம் கடை போட்ட பையன் முதல்ல வர்றான். யார் பழைய ஆளுன்னு கூகுளுக்குத் தெரியாதா?"

தெரியாது. அது பார்க்கும் கணக்கே வேறு.

1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது இந்தக் கவலை எந்தக் கடைக்காரருக்கும் இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் கணக்குப்படி 2014 மார்ச்சில் நாட்டில் ஏறக்குறைய 25 கோடி இணைய இணைப்புகள். 2024 மார்ச்சில் 95 கோடி. நடுவில் ஜியோ வந்ததும் டேட்டா விலை சரிந்ததும் தெரிந்த கதைதான். பஸ் ஸ்டாண்டில் இறங்குபவர் இப்போது டீக்கடையில் வழி கேட்பதில்லை. எந்தக் கடைக்குப் போவது என்பதைக் கொச்சியில் உட்கார்ந்தே போனில் முடிவு செய்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார்.

சரி, தேடும்போது என்ன நடக்கிறது? நாம் எழுத்தைத் தட்டிய பிறகு கூகுள் இணையம் முழுக்க ஓடுவதில்லை. அதன் நிரல்கள் முன்கூட்டியே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு இணைப்பு (லிங்க்) வழியாகத் தாவித் தாவிப் படித்து, பாடப்புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு மாதிரி ஒன்றைத் தயாரித்து வைத்திருக்கும். 'பெட்ஷீட்' என்ற சொல் எந்தெந்தப் பக்கங்களில் இருக்கிறது என்று ஒரு பட்டியல், 'கரூர்' எங்கெல்லாம் இருக்கிறது என்று இன்னொன்று. இரண்டிலும் இருப்பவற்றை எடுத்தால் விடை தயார். தமிழில் கொஞ்சம் கூடுதல் வேலை: கடை, கடையில், கடைக்கு, கடைகளிலிருந்து எல்லாம் ஒரே சொல் என்று அதற்குப் புரிய வேண்டும்.

சிக்கல் அதற்கு அப்புறம்தான். விடையாக லட்சம் பக்கங்கள் வந்தால் எதை முதலில் காட்டுவது? 90-களின் தேடுபொறிகள் சொல் எத்தனை தடவை வருகிறது என்பதற்குப் பெரிய மதிப்புக் கொடுத்தன. நம்மாட்கள் சும்மா இருப்பார்களா? வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒரே சொல்லை 500 முறை எழுதி வைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாது, இயந்திரத்துக்குத் தெரியும்.

இங்கேதான் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரினும் வருகிறார்கள். நீ உன்னைப் பற்றி என்ன சொல்கிறாய் என்பதை விடு, மற்றவர்கள் இணைப்புக் கொடுத்து உன்னைச் சுட்டுகிறார்களா என்று பார்ப்போம் என்றார்கள். ஆய்வுக் கட்டுரைகளை எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று எண்ணும் வழக்கம் ஏற்கெனவே இருந்ததுதான். ஆனால் வெறுமனே எண்ணினால் போதாது. முக்கியமான பக்கம் சுட்டினால் அதற்கு மதிப்பு அதிகம். எது முக்கியமான பக்கம்? முக்கியமான பக்கங்கள் சுட்டுவது! கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்கிற கதை போல இருக்கிறதல்லவா? அவிழ்ந்த விதம்தான் அழகு. பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றே பக்கங்கள் உள்ள ஒரு குட்டி இணையம்: மளிகை, பாத்திரக்கடை, மெஸ். மளிகைப் பக்கத்தில் மற்ற இரண்டுக்கும் இணைப்பு உண்டு. பாத்திரக்கடை மெஸ்ஸை மட்டும் சுட்டுகிறது. மெஸ், மளிகையை மட்டும். இப்போது 40 பேரை மளிகையில் நிறுத்துவோம். மணி அடித்தால் ஒவ்வொருவரும் தான் நிற்கும் பக்கத்தில் உள்ள இணைப்பு ஒன்றைப் பிடித்து நகர வேண்டும். இரண்டு இணைப்பு இருந்தால் பாதிப் பாதியாகப் பிரிய வேண்டும்.

முதல் மணிக்கு மளிகை காலி. பாத்திரக்கடையில் 20, மெஸ்ஸில் 20. இரண்டாவது மணிக்கு மளிகையில் 20, மெஸ்ஸில் 20, பாத்திரக்கடையில் யாரும் இல்லை. மூன்றாவதில் மளிகையில் 20, மற்ற இரண்டிலும் பத்துப் பத்து. இப்படியே ஆடி ஆடி, ஊஞ்சல் நிற்பது போல ஓரிடத்தில் வந்து அடங்கும்: மளிகை 16, பாத்திரக்கடை 8, மெஸ் 16. அதற்கு மேல் எத்தனை மணி அடித்தாலும் ஆட்கள் மாறுவார்கள், எண் மாறாது. அந்த எண்தான் அந்தப் பக்கத்தின் மதிப்பு. சரிபாருங்கள்: மளிகையின் 16 பேரில் 8 பேர் பாத்திரக்கடைக்கும் 8 பேர் மெஸ்ஸுக்கும் போகிறார்கள். பாத்திரக்கடையின் 8 பேரும் மெஸ்ஸுக்கு வர, அங்கே 16. மெஸ்ஸில் இருந்த 16 பேர் மளிகைக்கு. அதே 16, 8, 16! 40 பேரையும் முதலில் மெஸ்ஸில் நிறுத்தினாலும் இங்கேதான் வந்து முடியும். முதன்முதலாக இதைக் கையால் போட்டுப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். மளிகையைச் சுட்டுவது ஒரே ஒரு பக்கம். பாத்திரக்கடையைச் சுட்டுவதும் ஒரே ஒரு பக்கம். ஆனால் ஒன்றுக்கு 16, மற்றதற்கு 8. மெஸ் தன் மதிப்பை யாருக்கும் பங்கு போடாமல் மளிகைக்கே கொடுத்துவிட்டது. கண்ட கண்ட பேருக்கெல்லாம் சிபாரிசுக் கடிதம் கொடுப்பவரின் கடிதத்துக்கு என்ன மரியாதையோ, அதே கதை.

இதில் ஓர் எலிப்பொறி மட்டும் இருக்கிறது. இரண்டு பக்கங்கள் ஒன்றையொன்று மட்டுமே சுட்டிக்கொண்டால், உள்ளே நுழைந்தவர் வெளியே வரவே முடியாது. கொஞ்ச நேரத்தில் ஊரே அங்கே அடைந்துவிடும். அதனால் ஒரு விதி சேர்த்தார்கள்: 100-க்கு 85 தடவை இணைப்பைப் பிடித்துப் போ, 15 தடவை சலிப்புத் தட்டி இணையத்தின் ஏதாவது ஒரு பக்கத்துக்குக் குதி. பேஜ் பெயரையும் வலைப்பக்கத்தையும் சேர்த்து இதற்குப் 'பேஜ்ராங்க்' என்று பெயர் வைத்தார்கள். 1998-இல் கூகுள் கம்பெனி தொடங்கியது.

ஒரு சின்னப் புலம்பல். இந்த வேலைக்கு அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் மின்நூலகத் திட்டத்திலிருந்து பணம் வந்தது. நூலகம் பற்றிய ஆராய்ச்சி! காப்புரிமை ஸ்டான்ஃபோர்டுக்கு. அதைக் கூகுள் பயன்படுத்தக் கொடுத்ததற்கு ஈடாகக் கிடைத்த கூகுள் பங்குகளைப் பல்கலைக்கழகம் 2005-இல் விற்று முடித்தபோது மொத்தம் 33.6 கோடி டாலர் தேறியது. 2020-21 கணக்குப்படி நாம் ஆராய்ச்சிக்குச் செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். அதிலும் 'இதனால் உடனே என்ன பயன்' என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறோம்.

கரூர் நண்பரிடம் வருவோம். 'ஒரே மாதத்தில் முதலிடம்' என்று சொன்ன ஓர் ஏஜென்ட், அவருக்கு 500 இணைப்புகள் விற்றிருக்கிறார். அந்த 500 பக்கங்களையும் உலகில் யாரும் சுட்டுவதில்லை. எப்போதாவது சலித்துப்போய்க் குதிப்பவர் தவறி விழும் சில்லறைதான் அவற்றின் சொத்து. அந்தச் சில்லறையில் ரூபாய்க்கு 85 பைசா வீதம் இவருக்கு வந்து என்ன ஆகப்போகிறது? போதாக்குறைக்கு, 2012-இல் தேடல் கணக்கில் கொண்டுவந்த 'பெங்குவின்' என்ற மாற்றத்திலிருந்து இப்படி விலைக்கு வாங்கிய இணைப்புகளைக் கூகுள் கண்டுபிடித்துக் கீழே தள்ளுகிறது.

இன்று பேஜ்ராங்க் பல கணக்குகளில் ஒன்று. உள்ளூர்க் கடை என்றால், தேடியதற்கும் கடைக்கும் பொருத்தம், தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது ஆகிய மூன்றையும் பார்ப்பதாகக் கூகுளே சொல்கிறது. பின்தெருப் பையனிடம் சரக்கு வாங்கிப்போன இரண்டு ஓட்டல்கள் அவன் கடையைத் தங்கள் தளத்தில் குறிப்பிட்டிருக்கின்றன. மேப்பில் முகவரி சரியாக இருக்கிறது. நம் நண்பரின் தளத்திலோ முகப்பு முழுக்க ஒரே ஒரு போட்டோ, விலைப்பட்டியலும் அந்தப் படத்துக்குள்ளேயே. புது டிசைன் எல்லாம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில். அங்கே எந்தத் தேடுபொறியும் எட்டிப் பார்க்க முடியாது.

இது போக, எண் கணிதக்காரர் சொன்னாராம் என்று பலகையில் கடைப் பெயரின் ஆங்கில எழுத்துகளில் ஒரு 'ஏ'யும் ஒரு 'எஸ்'ஸும் கூடுதல். ஜி.எஸ்.டி. பில்லில் பழைய எழுத்து, இன்ஸ்டாகிராமில் மூன்றாவதாக ஒன்று. இயந்திரத்துக்கு இது மூன்று கடை. தேடுபவர் யாரும் இரண்டு 'ஏ' போட்டுத் தட்டப் போவதில்லை. அதிர்ஷ்ட எண் 5 ஆனதோ இல்லையோ, கடை நாலாவது பக்கத்துக்குப் போனது.

இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். விலைப்பட்டியலை எழுத்தாகப் போட்டுவிட்டாராம். நெசவாளர் சங்கத் தளத்தில் உறுப்பினர் பட்டியலோடு கடை இணைப்பைச் சேர்க்கவும் கேட்டிருக்கிறாராம். "பலகையில மட்டும் அந்த 'ஏ' இருந்துட்டுப் போகட்டும் சார், மாமனார் பார்த்துக் கொடுத்த எண்."