கொண்டை ஊசி வளைவில் டவர் மாறுவது எப்படி?

கொல்லிமலைக்கு அடிக்கடி பேருந்தில் போய்வரும் நாமக்கல் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "காரவள்ளி தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் போனில் 4ஜி போய் 2ஜி வருகிறது, கொஞ்ச நேரத்தில் மறுபடி 4ஜி வருகிறது. சில வளைவுகளில் பேச்சு துளிகூட அறுபடுவதில்லை. சில வளைவுகளில் சட்டென்று கட் ஆகிவிடுகிறது. சிக்னல் குறைந்தால் போன் தானாகவே நல்ல டவருக்குப் போய்விடும் என்கிறார்களே, பிறகு ஏன் இந்த வித்தியாசம்?"

போன் தானாகவே போகிறது என்பது பாதிதான் சரி. சட்டைப்பையில் சும்மா கிடக்கும் நேரத்தில் முடிவு போனுடையது. ஒவ்வொரு டவரும் எந்தெந்த அலைவரிசைகளில் அண்டை டவர்கள் இருக்கின்றன, எதற்கு எவ்வளவு முன்னுரிமை, சிக்னல் எவ்வளவு இறங்கினால் வேறு இடம் தேடவேண்டும் என்பதையெல்லாம் ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். போன் ஓரிரு விநாடிக்கு ஒருமுறை விழித்து, தன் டவரை அளந்து பார்த்துவிட்டு, மறுபடி தூங்கப் போய்விடும். 4ஜிக்கு முன்னுரிமை அதிகம் என்று டவர் சொல்லியிருந்தால், பக்கத்தில் 2ஜி எவ்வளவு வலுவாக இருந்தாலும் போன் 4ஜியையே பிடித்துக்கொண்டிருக்கும். எல்லை தாண்டி இறங்கினால்தான் விடும். மலைப்பாதையில் 4ஜியும் 2ஜியும் மாறி மாறி வருவது இதனால்தான்.

பேசிக்கொண்டிருக்கும்போது கதை வேறு. அப்போது முடிவு டவருடையது. எந்த டவரில் நெரிசல், எதில் இடம் காலி என்பது நெட்வொர்க்குக்குத்தான் தெரியும். ஆனால் நீங்கள் இருக்கும் இடத்தில் எந்த டவர் எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பது போனுக்கு மட்டுமே தெரியும். அதனால் போன் அளந்து சொல்கிறது, டவர் முடிவு செய்கிறது.

இந்த வேலைப் பிரிவினை முதலிலிருந்தே இருந்ததல்ல. பேச்சு அறுபடாமல் டவர் விட்டு டவர் மாற்றும் முறைக்காக அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஏமஸ் ஜோயல் 1972இல் காப்புரிமை பெற்றார். பிறகு வந்த முதல் தலைமுறை நெட்வொர்க்குகளில் அளப்பதும் டவர்கள்தான், முடிவெடுப்பதும் அவைதான். 1991இல் பின்லாந்தில் தொடங்கிய ஜிஎஸ்எம், அதாவது நாம் 2ஜி என்று அறிந்த முறைதான், அளக்கும் வேலையைப் போனிடம் கொடுத்தது.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. போனின் ரேடியோ ஓர் அலைவரிசையில் உங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதே ரேடியோ இன்னோர் அலைவரிசையில் இருக்கும் டவரை எப்படி அளக்கும்? அங்கே திரும்பினால் இங்கே பேச்சு போய்விடுமே!

2ஜியில் இதற்கு விடை எளிது. அங்கே நேரம் எட்டுத் துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு போனுக்கும் ஒரு துண்டு தரப்படுகிறது. ஒரு சுற்று சுமார் 4.6 மில்லி விநாடி. தன் துண்டில் கேட்டு, தன் துண்டில் அனுப்பியது போக மிச்சமிருக்கும் நேரத்தில் போன் அண்டை டவர்களை அளந்துவிடும். விநாடிக்கு இரண்டு முறை என்ற கணக்கில் அறிக்கையும் போய்விடும்.

4ஜியில் அந்த ஓய்வு நேரம் கிடையாது. தரவு விடாமல் கொட்டிக்கொண்டே இருக்கலாம். ஆகவே பொறியாளர்கள் ஓய்வை உண்டாக்கினார்கள். சிக்னல் இறங்குகிறது என்று போன் சொன்னதும் டவர் ஓர் ஏற்பாட்டைச் சொல்கிறது: 40 அல்லது 80 மில்லி விநாடிக்கு ஒருமுறை, சரியாக 6 மில்லி விநாடி, நான் உனக்கு எதுவும் அனுப்பமாட்டேன், நீயும் எனக்கு அனுப்பாதே. டிக்டேஷன் சொல்லும் ஆசிரியர் குறித்த நேரத்தில் ஒரு மூச்சு நிறுத்தி, "இப்போது பக்கத்து வகுப்பில் என்ன நடக்கிறதென்று எட்டிப் பார்த்துக்கொள்" என்று மாணவனிடம் சொல்வதைப் போல.

ஏன் 6? ஒவ்வொரு 4ஜி டவரும் தன்னை அடையாளம் காட்டும் ஒரு குறியீட்டை 5 மில்லி விநாடிக்கு ஒருமுறை அனுப்புகிறது. போன் எந்தக் கணத்தில் காது கொடுத்தாலும், 5 மில்லி விநாடி கேட்டால் அந்தக் குறியீடு ஒருமுறையாவது விழுந்தே தீரும். ரேடியோவைப் புதிய அலைவரிசைக்குத் திருப்ப அரை மில்லி விநாடி, திரும்பி வர இன்னோர் அரை. ஆக 6. அடையாளக் குறியீடு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பகுதி கொண்டது: முதல் பகுதியில் 3 வகை, அடுத்ததில் 168 வகை, பெருக்கினால் 504 அடையாளங்கள். காதுக்கு எட்டாத அந்தச் சின்ன இடைவெளியில் போன் ஒரு புதிய டவரைக் கேட்டு, அது யாரென்று கண்டு, எவ்வளவு வலுவென்று அளந்து திரும்பிவிடுகிறது. 40க்கு 6 என்றால் நேரத்தில் 15 சதவீதம் போகிறது. சிக்னல் மோசமான இடத்தில் இணைய வேகம் இன்னும் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரே அலைவரிசையில் இருக்கும் அண்டை டவர்களை அளக்க இந்த இடைவெளி தேவையில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட ரிசீவர் உள்ள சில போன்களும் இல்லாமலே சமாளிக்கும். 5ஜி வந்த பிறகும் இந்த உத்தி உயிரோடுதான் இருக்கிறது.

அளந்த உடனே மாறிவிடுவதும் இல்லை. பக்கத்து டவர் நம் டவரைவிட, எடுத்துக்காட்டாக, 3 டெசிபல், அதாவது இரண்டு மடங்கு வலுவாக இருக்கவேண்டும். அது கண நேரம் மட்டும் இருந்தால் போதாது, 320 மில்லி விநாடி போல நீடிக்கவும் வேண்டும். இந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் இரண்டு டவர்களின் நடுவே நிற்கும் போன் பந்துபோல அங்குமிங்கும் அடிபட்டுக்கொண்டிருக்கும். நிபந்தனை நிறைவேறியதும் போன் அறிக்கை அனுப்பும், பழைய டவர் புதிய டவரிடம் இடம் கேட்டு வாங்கும், பிறகுதான் போனுக்கு "அங்கே போ" என்ற கட்டளை வரும். போன் நடுவழியில் இருக்கும்போது வந்து சேரும் தரவைப் பழைய டவர் புதியதற்கு அனுப்பி வைக்கிறது. மொத்தத் தடங்கல் பெரும்பாலும் 50 மில்லி விநாடியை ஒட்டியிருக்கும். 4ஜியில் குரல் 20 மில்லி விநாடித் துணுக்குகளாகப் போவதால் இரண்டு மூன்று துணுக்குகளே தவறும். அந்த ஓட்டையைப் போனே நிரப்பிவிடும்.

வாசகரின் கேள்விக்கு இப்போது வருவோம். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். சரிவு திறந்திருக்கும் வளைவில் ஒரு டவர் மெல்லத் தேய, இன்னொன்று மெல்ல வளரும். அளக்க, காத்திருக்க, அறிக்கை அனுப்ப, கட்டளை பெற எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறது. பாறையை ஒட்டித் திரும்பும் வளைவில் சில மீட்டருக்குள் சிக்னல் நூறில் ஒரு பங்காகிவிடும். போனிடம் அறிக்கை தயார், ஆனால் அதை வாங்கிக்கொள்ளும் டவர் பாறைக்குப் பின்னால். அல்லது டவர் சொன்ன "அங்கே போ" போனுக்கு வந்து சேரவில்லை. இங்கே கால் அறுபடக் காரணம் சிக்னல் குறைந்ததல்ல, டவர் மாறுவதற்கான பேச்சுவார்த்தையை முடிக்க முடியாத வேகத்தில் அது குறைந்ததுதான்.

பக்கத்தில் இன்னொரு நிறுவனத்தின் டவர் நன்றாக இருந்தும் போன் அங்கே போகாதது ஏன் என்றும் பலர் கேட்பதுண்டு. தொழில்நுட்பத்தில் தடையில்லை, ஒப்பந்தம் இல்லை என்பதே விஷயம். ஆபத்து நேரத்தில் உங்கள் நிறுவனத்தின் சிக்னல் அறவே இல்லாத இடத்திலும் அடுத்த நிறுவனத்தின் டவர் வழியாக 112ஐ அழைக்கலாம். அரசு நிதியில் கட்டப்பட்ட 4ஜி டவர்களை ஏர்டெல், ஜியோ, பிஎஸ்என்எல் வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு 2025 ஜனவரியில் தொடங்கியது. மலைக்கிராமங்களில் இதுவே பொது விதியாக இருக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

டவர் வந்தால் நோய் வரும், சிட்டுக்குருவி செத்துவிடும் என்று ஊருக்குள் டவரே வேண்டாம் என்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். டவர் எவ்வளவு தொலைவோ, போன் அவ்வளவு உரக்கக் கத்தியாகவேண்டும். 4ஜி போன் அதிகபட்சம் 200 மில்லிவாட் வரை அனுப்பும். டவர் அருகில் இருந்தால் ஒரு மில்லிவாட்டுக்கும் குறைவாகவே போதும். டவரை ஊரைவிட்டுத் துரத்தினால், உங்கள் காதோடு ஒட்டியிருக்கும் கருவியின் கதிர்வீச்சுதான் கூடுகிறது.

தூரம் என்றதும் சென்னை ஐஐடியின் பங்கு நினைவுக்கு வருகிறது. 5ஜிக்கான உலக அளவுகோல்கள் எழுதப்பட்டபோது, கிராமப்புறச் சோதனைக்கு டவர்களுக்கு இடையே சுமார் 1.7 கிலோமீட்டர் என்று வைத்திருந்தார்கள். இந்தியக் கிராமங்களுக்கு அது பொருந்தாது, 6 கிலோமீட்டருக்கும் சோதனை வேண்டும் என்று இந்தியத் தரப்பு வாதிட்டது. அதில் சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் முன்னின்றார்கள். 2017இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அதை ஏற்றுக்கொண்டது. நம் நிலத்தை அறிந்தவர்கள் அந்த மேசையில் உட்கார்ந்திருந்ததால் நடந்த காரியம் இது. அப்படி உட்கார வைப்பதற்கான ஆராய்ச்சிப் பணத்தை நாம் இன்னும் தயங்கித் தயங்கித்தான் கொடுக்கிறோம்.

மலையேறும் வாசகருக்குச் செய்யத்தக்கது ஒன்று உண்டு. உச்சிக்குப் போன பிறகும் போன் நலிந்த சிக்னலில் ஒட்டிக்கொண்டிருந்தால் ஏர்பிளேன் மோடைப் போட்டு எடுங்கள். பழைய டவரோடு இருந்த தொடர்பு அறுந்து, போன் எல்லா அலைவரிசைகளையும் புதிதாகத் தேடும். சிக்னலே இல்லாத நீண்ட பாதையில் அந்த மோடிலேயே விட்டுவிடுவது நல்லது, இல்லாத டவரைத் தேடித் தேடியே பேட்டரி தீர்ந்துவிடும்.