400 கிலோமீட்டர் பறக்க 70 நிமிடம் ஏன்?

ஊட்டியிலிருந்து கோவையின் பீளமேடு விமான நிலையம் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 55 கிலோமீட்டர்தான். குன்னூர், பர்லியார், கல்லாறு என மலைப்பாதையில் இறங்கி, மேட்டுப்பாளையத்தைத் தாண்டிப் போனால் அதுவே 90 கிலோமீட்டரை நெருங்கி, ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணமாகிவிடுகிறது. மலையில் வாழ்பவர்களுக்கு இந்தக் கணக்கு பழகியது. பீளமேட்டிலிருந்து சென்னைக்குக் கிளம்பும் விமானமும் வானில் ஒரு மலைப்பாதையைத்தான் கடக்கிறது.

உருண்டையான பூமியின் மேல் இரண்டு இடங்களுக்கு இடைப்பட்ட மிகக் குறுகிய வழியைப் பெருவட்டப் பாதை என்பார்கள். அதன்படி பீளமேட்டுக்கும் மீனம்பாக்கத்துக்கும் சுமார் 400 கிலோமீட்டர். ஜெட் விமானத்தின் வேகம் மணிக்கு 800 கிலோமீட்டர் என்று வைத்து வகுத்தால் அரை மணி நேரம் வருகிறது. பயணச்சீட்டிலோ ஒரு மணி பத்து நிமிடம் என்றிருக்கிறது.

மிச்ச நேரத்தில் பெரும்பகுதி ஏற்றத்திலும் இறக்கத்திலும் போகிறது. ஒவ்வோர் ஆயிரம் அடி இறங்குவதற்கும் மூன்று கடல் மைல் தூரம் வேண்டும் என்பது விமானிகளின் கணக்கு. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர் என்பதால், 30,000 அடியிலிருந்து தரைக்கு வரச் சுமார் 167 கிலோமீட்டர் முன்பே இறக்கத்தைத் தொடங்கியாக வேண்டும். ஏற்றத்துக்கும் ஏறத்தாழ அவ்வளவு தூரம் பிடிக்கும் என்றால், முழு வேகத்தில் சமமாகப் பறப்பதற்கு நூறு கிலோமீட்டர்கூட மிஞ்சாது. அதோடு 10,000 அடிக்குக் கீழே வேகத்தைப் பொதுவாக மணிக்கு 460 கிலோமீட்டர் அளவுக்குள் கட்டுப்படுத்துகிறார்கள். எவ்வளவு உயரத்தில் பறந்தாலும் விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் 2,400 மீட்டர் உயரத்தில் உள்ள அழுத்தத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளப்படுகிறது. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டிக்காரர்களுக்கு அது கிட்டத்தட்ட சொந்த ஊர்க் காற்றுதான். இறங்கும்போது அந்த அழுத்தத்தை மெல்ல மெல்ல உயர்த்த வேண்டும். பர்லியார் இறக்கத்தில் காது அடைத்துக்கொண்டவர்களுக்கு அதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

தொலைவு கூடக் கூட இந்த ஏற்ற இறக்கத்தின் பங்கு சிறுத்துவிடும். கோவையிலிருந்து சார்ஜா சுமார் 2,770 கிலோமீட்டர், அதாவது சென்னையைப் போல ஏழு மடங்கு. ஆனால் பயண நேரம் நான்கு மணி அளவில், மூன்றரை மடங்குக்குள் அடங்கிவிடுகிறது.

பயணச்சீட்டில் போட்டிருக்கும் நேரம் பறக்கும் நேரம் மட்டுமல்ல. விமானம் தன் நிறுத்துமிடத்தை விட்டு நகரும் கணத்திலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் முழுவதுமாக நிற்கும் வரை அது கணக்கிடப்படுகிறது. ஓடுபாதையில் முறைக்காகக் காத்திருப்பதும் அதில் சேர்த்தி.

கடைசியாகக் காற்று. விமானம் எதிர்காற்றில்தான் தரையிறங்க விரும்பும். சென்னையின் முதன்மை ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காக அமைந்திருப்பதால், கடற்காற்று வீசும்போது கோவை விமானம் மேற்கிலிருந்து வந்த வழியிலேயே நேராக இறங்கிவிடலாம். மேற்கிலிருந்து வீசும் காற்று வலுக்கும் தென்மேற்குப் பருவத்திலோ அது நகரைக் கடந்து, வங்கக் கடலின் மேல் ஒரு பெரிய கொண்டை ஊசி வளைவு போட்டுத் திரும்பி வந்துதான் இறங்க வேண்டியிருக்கிறது.