மீன்பிடித் தடைக்காலத்தில் மூணாறு போகிறீர்களா? சுகர் உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்

ஏப்ரல் 15 வந்தால் பாம்பன், மண்டபம் பக்கம் விசைப்படகுகள் எல்லாம் கரையேறிவிடும். ஜூன் 14 வரை தடைக்காலம். பிள்ளைகளுக்கும் லீவு என்பதால் நாலைந்து குடும்பம் சேர்ந்து வேன் பிடித்து மூணாறுக்குக் கிளம்புவார்கள், இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடு பார்க்க. முதல் நாள் சாயங்காலம் கிளினிக்கில் ஒரே கேள்விதான்: "டாக்டர், மலையில வாந்தி வராம இருக்க ஏதாச்சும் எழுதிக் கொடுங்க."

எழுதிக் கொடுக்கிறேன். எனக்குப் பயமெல்லாம், வாந்திக்குப் பயந்து இவர்கள் செய்கிற காரியத்தை நினைத்துத்தான்.

ராத்திரி கிளம்புகிற வேன் மதுரை, தேனி தாண்டி விடிகிற நேரத்தில் போடி அடிவாரத்துக்குப் போய்ச் சேரும். மேலே போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். "சாப்பிட்டா குமட்டும், மேல போய்ப் பாத்துக்கலாம்" என்று வீட்டுப் பெரியவர் ஒரு டீயோடு நிறுத்திக்கொள்வார். ஆனால் சுகர் மாத்திரையையோ இன்சுலினையோ மட்டும் வேளை தவறாமல் போட்டுவிடுவார், மருந்தை விடக் கூடாது என்று நாங்கள்தானே சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்கிறோம். பாதி மலையில் சுகர் இறங்க ஆரம்பிக்கும்.

கை நடுங்கும், குமட்டும், தலை சுற்றும், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வரும். வேனில் இருப்பவர்கள் மலை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்துத் தூங்கச் சொல்வார்கள். அங்கேதான் ஆபத்து. எல்லோரும் ஸ்வெட்டர் தேடுகிற குளிரில் ஒருவருக்கு மட்டும் நெற்றியில் வியர்வை பூத்து நின்றால், வண்டியை ஓரம் கட்டச் சொல்லுங்கள். சுகர் மீட்டரில் 70-க்குக் கீழே காட்டினாலும் சரி, மீட்டரே இல்லாவிட்டாலும் சரி, மூன்று நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு முறை, தெளிந்ததும் சாப்பாடு. சுகர் ஃப்ரீ பிஸ்கட் இதற்கு உதவாது. நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்சுலினும் கிளிமிபிரைடு மாதிரியான மாத்திரைகளும்தான் இப்படி இறக்கிவிடும், மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவர்களுக்கு இந்தப் பயம் குறைவு. நீங்கள் எது போடுகிறீர்கள், பயண நாளில் அளவைக் குறைக்கணுமா என்று போகும் முன்னே உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தேனியிலேயே இரண்டு இட்லி சாப்பிட்டுவிடுங்கள், வெறும் வயிறும் குமட்டத்தான் செய்யும்.

"நான் கடல்ல போறவன், எனக்கா வாந்தி?" என்பவர்களும் உண்டு. அலைக்குப் பழகிய உடம்பு வளைவுக்கும் பழகியிருக்கும் என்று சொல்ல முடியாது. படகில் தூரத்துக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள், வேனில் கடைசி சீட்டில் குனிந்து போன் பார்ப்பீர்கள், ரெண்டும் ஒன்றா? முன் சீட்டில் உட்கார்ந்து ரோட்டைப் பாருங்கள்.

பூங்காவுக்கு வருவோம். குட்டி ஈனும் காலம் என்று வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச்சில் மூடிவிடுவார்கள், எப்போது திறக்கிறார்கள் என்று பார்த்து ஆன்லைனில் டிக்கெட் எடுத்துவிடுங்கள். தடைக்காலக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஜூனுக்குத் தள்ளாதீர்கள், நம் ஊரில் வெயில் கொளுத்தும்போது அங்கே மழை பிடித்துக்கொள்ளும். (நீலக்குறிஞ்சி கேட்பவர்களுக்கு: 2018-ல் பூத்தது, இனி 2030-தான்.)

முக்கியமானது, பூங்காவில் வரையாடு பார்க்கிற இடமான ராஜமலைக்கு உங்கள் வண்டி போகாது. கீழேயே நிறுத்திவிட்டு வனத்துறை பஸ்ஸில் ஏற வேண்டும், இறங்கியதும் ஏற்றத்தில் நடை. மருந்துப் பையை வேனில் விட்டுவிட்டு மேலே போய்த் தேடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. குளுக்கோஸ், நெஞ்சுவலி மாத்திரை, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இன்ஹேலர், இது மூன்றும் சட்டைப் பையிலோ இடுப்புப் பையிலோ இருக்கட்டும். இதய நோயாளிகள் பிள்ளைகளுக்குச் சமமாக ஏற வேண்டாம், மூச்சு வாங்கினால் உட்கார்ந்துவிடுங்கள், ஆடு உங்கள் பக்கத்திலேயே வந்து மேயும்.

அப்புறம், வாந்தி மாத்திரையை மலை ஏற ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும், குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டுப் பெரிய பலன் இல்லை. அது தூக்கம் வரவைக்கும் மாத்திரை என்பதால் டிரைவருக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.